பிளேட்டோ எரேமியாவிடம் பாடம் கேட்டாரா?

கேள்வி இது: "பிளேட்டோ எருசலேமுக்கு வந்து எரேமியா தீர்க்கதரிசியைச் சந்தித்தார், அரிஸ்டாட்டில் சாலொமோனின் புத்தகங்களை எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டார் என்றெல்லாம் யூதர்களிடையே கதைகள் உண்டாமே. இதில் உண்மை இருக்கிறதா? யார் கிளப்பிவிட்டது?"

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: சந்திப்பு நடக்கவில்லை, நடந்திருக்கவும் முடியாது. எரேமியா கி.மு. 627 வாக்கில் தீர்க்கதரிசனம் சொல்லத் தொடங்கியவர். எருசலேம் ஆலயம் பாபிலோனியரால் எரிக்கப்பட்ட கி.மு. 587/586-க்குச் சற்றுப் பின்புவரை அவரைப் பற்றிச் செய்தி இருக்கிறது. பிளேட்டோ பிறந்ததே கி.மு. 427-ஐ ஒட்டி. நடுவில் நான்கைந்து தலைமுறை ஓடிவிட்டது. அரிஸ்டாட்டிலும் தம் மாணவர் அலெக்சாந்தரோடு எருசலேம் பக்கம் படையெடுப்புக்குப் போகவில்லை, ஏதென்ஸில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. ஒரு பொய்க்கதை இரண்டாயிரம் வருஷம் சாகாமல் இருக்கிறது என்றால், அது யாருக்கோ தொடர்ந்து பயன்பட்டிருக்க வேண்டும். யாருக்கு, எதற்கு என்று பார்த்தால் ஒவ்வொரு காலத்திலும் வேறு வேறு விடை வருகிறது. வெறும் 'எல்லாம் எங்களிடமிருந்து போனதுதான்' என்ற பெருமைப் பேச்சு என்று தள்ளிவிட்டால் பாதிக் கதை கைவிட்டுப் போய்விடும்.

முதலில் எரேமியா கதையைச் சொல்லிவிடுகிறேன், இப்போதும் மேடைகளில் சொல்லப்படுவது இதுதான். யூத நாட்காட்டியில் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள் இரண்டு ஆலயங்களும் அழிந்ததற்காக நோன்பிருக்கும் நாள். தரையில் உட்கார்ந்து புலம்பல் ஆகமம் வாசிப்பார்கள். அன்றைய பிரசங்கங்களில் இது அடிக்கடி வரும்.

பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படையோடு பிளேட்டோவும் எருசலேமுக்கு வருகிறார். இடிந்து கிடக்கும் ஆலயத்தின் முன்னால் ஒரு கிழவர் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். யார் என்று விசாரித்தால், யூதர்களின் பெரிய ஞானி எரேமியா என்கிறார்கள். பிளேட்டோ போய்க் கேட்கிறார்: "ஐயா, உங்களிடம் இரண்டு கேள்வி. ஞானி என்கிறார்களே, மரத்துக்கும் கல்லுக்கும் ஞானி அழலாமா? இரண்டாவது, நடந்தது நடந்துவிட்டது. முடிந்துபோனதற்காக அழுது என்ன ஆகப்போகிறது?"

எரேமியா கேட்கிறார்: "நீங்கள் தத்துவ ஞானி. உங்களுக்கு விடை தெரியாத கேள்விகள் சில இருக்குமே?" "நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு விடை சொல்ல ஆள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை." "சொல்லுங்கள் பார்ப்போம்." பிளேட்டோ ஒவ்வொன்றாகச் சொல்ல, எரேமியா ஒவ்வொன்றாக அவிழ்க்கிறார். எதிரில் இருப்பவர் மனிதனா தேவதூதனா என்று பிளேட்டோ திகைத்துப் போகிறார். அப்போது எரேமியா சொல்கிறார்: "இந்த ஞானம் முழுவதும் இந்த மரத்திலிருந்தும் கல்லிலிருந்தும்தான் எனக்கு வந்தது. அதனால் அழுகிறேன். முடிந்துபோனதற்கு ஏன் அழ வேண்டும் என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் இருக்கிறது. ஆனால் சொன்னால் உங்களுக்குப் புரியாது."

கதையின் உயிர் கடைசி வரியில் இருக்கிறது. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அறிவு சம்பந்தப்பட்ட கேள்வி அது. இரண்டாவதற்குப் பதில் மறுக்கப்படுகிறது. பிளேட்டோவுக்கு மூளை போதாது என்று எரேமியா சொல்லவில்லை; அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் விடை சொன்னவர்தானே. நிற்கும் இடம் வேறு என்கிறார். பிளேட்டோவுக்கு ஆலயம் 'முடிந்துபோனது', நோன்பிருக்கும் யூதனுக்கு அது முடியவில்லை.

இந்த நுணுக்கத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. புலம்பல் ஆகமத்துக்கு ரப்பிகள் என்ற யூதமத ஆசான்கள் எழுதிய விளக்கத்தில் ஒரு வாக்கியம் வருகிறது: பிற இனத்தாரிடம் ஞானம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பு, அவர்களிடம் தோரா (மோசே வழி வந்த வேதச் சட்டம்) இருக்கிறது என்று சொன்னால் நம்பாதே. பிளேட்டோ கதை இந்த ஒரு வாக்கியத்தை நாடகமாக நடித்துக் காட்டியது போலத்தான் இருக்கிறது.

சரி, 160 வருஷ இடைவெளி கதை சொன்னவர்கள் கண்ணில் படவே இல்லையா? இங்கேதான் சுவாரசியமான ஒரு கணக்கு இருக்கிறது. யூத மரபின் காலக்கணக்கு நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் காலக்கணக்கு இல்லை. ரப்பிகளின் சட்ட விவாதங்களைத் தொகுத்த தல்மூத், இரண்டாம் ஆலயம் நின்ற காலத்தை இப்படிப் பிரிக்கிறது: பாரசீக ஆட்சி 34 வருஷம், கிரேக்க ஆட்சி 180, ஹஸ்மோனியர் என்ற யூத அரச குடும்பம் 103, ஏரோது குடும்பம் 103. கூட்டினால் 420. இரண்டாம் ஆலயம் ரோமரால் அழிந்தது கி.பி. 70. அங்கிருந்து 420 வருஷம் பின்னால் போய், நடுவில் ஆலயம் இல்லாமல் கிடந்த 70 வருஷத்தையும் கழித்தால், முதல் ஆலயம் அழிந்தது கி.மு. 420-ஐ ஒட்டி என்று வருகிறது. வரலாற்றாசிரியர்கள் சொல்லும் 587/586-க்கும் இதற்கும் ஏறக்குறைய 165 வருஷ வித்தியாசம். பாரசீகர்கள் அங்கே ஆண்ட இரண்டு நூற்றாண்டு, மரபுக் கணக்கில் 34 வருஷமாகச் சுருங்கிப்போனதுதான் காரணம்.

இப்போது பிளேட்டோவைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். மரபுக் கணக்குப்படி ஆலயம் எரிந்தபோது அவருக்கு ஆறேழு வயது. அதனால் நேபுகாத்நேச்சாரின் படையோடு வந்தார் என்ற கதை அப்போதும் உதைக்கிறது. ஆனால் இன்னொரு வடிவம் உண்டு: இருவரும் எகிப்தில் சந்தித்தார்கள் என்பது. ஆலயம் அழிந்த பிறகு எரேமியாவை மற்ற யூதர்கள் எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள் என்று அவர் ஆகமமே சொல்கிறது. தக்பானேஸ் என்று ஊர்ப்பெயரும் இருக்கிறது. பிளேட்டோவோ, சாக்ரடீஸ் கி.மு. 399-ல் நஞ்சு குடித்து இறந்த பிறகு எகிப்துக்குப் பயணம் போனார் என்று கிரேக்க வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 'நான் சிறுபிள்ளை' என்று சொல்லிக்கொண்டே பணியைத் தொடங்கிய எரேமியா, ஆலயம் அழிவதற்கு முன் நாற்பது வருஷம் தீர்க்கதரிசனம் சொன்னவர். சுருங்கிய கணக்கில் 399-ல் அவருக்கு எண்பதை ஒட்டிய வயது. எண்பது வயதுக் கிழவரும் முப்பது வயது இளைஞரும் நைல் கரையில் பேசிக்கொண்டிருக்கலாம், கணக்கு இடிக்காது! கதை கட்டியவர்கள் இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் கட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மரபுக் கணக்கில் வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கதை நமக்குத் தோன்றுகிற மாதிரி அபத்தமாகத் தோன்றியிருக்காது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எகிப்துச் சந்திப்பை முதலில் பெரிதாகப் பேசியவர்கள் கிறிஸ்தவர்கள் என்பது இன்னொரு வேடிக்கை. நான்காம் நூற்றாண்டில் மிலான் ஆயர் அம்புரோஸ் அதைச் சொல்கிறார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற அகஸ்டின் அதை அப்படியே நம்பி ஒரு நூலில் எழுதிவிட்டார். பிறகு கால அட்டவணைகளைப் புரட்டிப் பார்த்தபோது தலையில் கைவைத்துக்கொண்டார் போலும். 'கடவுளின் நகரம்' எட்டாம் புத்தகத்தில் நேராகத் திருத்துகிறார்: எரேமியா தீர்க்கதரிசனம் சொன்ன காலத்துக்குச் சுமார் நூறு வருஷம் கழித்துத்தான் பிளேட்டோ பிறந்தார், வேதம் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டதோ பிளேட்டோ இறந்து அறுபது வருஷம் கழித்து, ஆகவே அவர் எரேமியாவைப் பார்த்திருக்கவும் முடியாது, வேதத்தைத் தம் மொழியில் படித்திருக்கவும் முடியாது. எழுதியது தவறு என்று எழுத்திலேயே ஒப்புக்கொள்ளும் பெரிய மனிதர்கள் குறைவு, அந்த வகையில் அகஸ்டினுக்கு ஒரு வணக்கம். ஆனாலும் ஆசை விடவில்லை. மோசேக்குக் கடவுள் சொன்ன 'இருக்கிறவராக இருக்கிறேன்' என்ற வாக்கியத்தையும், மாறாமல் இருப்பதே உண்மையில் இருப்பது என்ற பிளேட்டோவின் கொள்கையையும் அருகருகே வைத்து, மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலமாகவாவது காதில் விழுந்திருக்குமோ என்று இழுக்கிறார்.

கதைகளின் ஊற்றுக்கண் இதற்கெல்லாம் மிக முன்னால், எகிப்தில் கிரேக்க மன்னர்கள் ஆண்ட காலத்து அலெக்சாந்திரியாவில் இருக்கிறது. அங்கே பெரிய யூதக் குடியிருப்பு இருந்தது. பேசுவது கிரேக்கம், படிப்பது ஹோமர், தோராவையும் கிரேக்க மொழிபெயர்ப்பில்தான் வாசித்தார்கள். எதிர்த் தரப்பு எழுத்தாளர்களோ, யூதர்கள் உலகத்துக்கு ஒன்றும் கண்டுபிடித்துக் கொடுக்காத கூட்டம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்ல யூதர்களுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுத்ததே கிரேக்கர்கள்தான். எங்கள் ஞானமெல்லாம் கிழக்கிலிருந்து வந்தது என்று கிரேக்கர்களே சொல்லிக்கொள்வார்கள். 'கிரேக்கர்களாகிய நீங்கள் என்றைக்கும் குழந்தைகள்தான்' என்று எகிப்தியக் குருக்கள் ஒருவர் சோலோனிடம் சொல்வதாக பிளேட்டோவே எழுதியிருக்கிறார். எகிப்துக்கு அந்த இடம் உண்டு என்றால், எகிப்துக்கே ஞானம் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் மோசே என்று ஒருவர் சொன்னால் வேலை முடிந்தது.

அர்த்தபானஸ் என்ற யூத எழுத்தாளர் அதைத்தான் செய்தார். கிரேக்கப் புராணத்தில் மூசேயஸ் என்று ஒரு ஆதிகவி வருவார், பெரும் பாடகன் ஓர்ஃபியஸின் மகன் அல்லது சீடர் என்பார்கள். மோசே, மூசேயஸ், காதுக்கு ஒன்றுபோல் இருக்கிறதா? அர்த்தபானஸ் இருவரையும் ஒருவராக்கினார். அதோடு விட்டிருந்தால் மோசே ஓர்ஃபியஸின் சீடராகிவிடுவார் என்பதால் உறவையும் புரட்டிப் போட்டார்: மூசேயஸ்தான் குரு, ஓர்ஃபியஸ் சீடன். இன்னும் ஒரு படி மேலே போய், எகிப்தியர்கள் மோசேயை ஹெர்மிஸ் என்று கொண்டாடினார்கள், கப்பல், கல் தூக்கும் பொறி, தத்துவம் எல்லாம் அவர் கண்டுபிடித்தவை என்று அடுக்குகிறார். மோசே எகிப்தியர்களுக்கு விலங்கு வழிபாட்டை ஏற்படுத்திக் கொடுத்தார் என்றுகூட எழுதினார் மனிதர். விக்கிரக ஆராதனை கூடாது என்று பத்துக் கட்டளையில் எழுதிவைத்தவர் தலையில் இதைக் கட்டுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அரிஸ்டோபுலஸ் இவரைவிட நிதானமானவர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டு, தாலமி ஃபிலோமெட்டர் மன்னருக்கு முகவரியிட்டு எழுதினார். பித்தாகரஸும் பிளேட்டோவும் எங்கள் சட்டத்தைப் படித்துத்தான் எழுதினார்கள் என்பது அவர் வாதம். எபிரேயம் தெரியாத பிளேட்டோ எப்படிப் படித்தார் என்ற கேள்வி வரும் என்று அவருக்கே தெரியும். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் அந்தக் கிரேக்க வேதத்துக்கு முன்பே இன்னொரு பழைய மொழிபெயர்ப்பு இருந்தது என்று ஒரே போடாகப் போட்டார். அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. ஏழாம் நாளின் பெருமையை ஹோமரும் ஹெசியடும் பாடியிருக்கிறார்கள் என்று வரிகளையும் எடுத்துக்காட்டுகிறார், அவற்றில் பல யாரோ யூதர் எழுதிச் செருகியவை. பல தெய்வங்களைப் பாடிய ஓர்ஃபியஸ் கடைசிக் காலத்தில் மனம் திருந்தி ஒரே கடவுளைப் பாடுவதாக ஒரு 'ஓர்ஃபியஸ் சாசனமும்' அவர் மேற்கோளில் வருகிறது.

பிலோவிடம் வரும்போது காற்றே மாறுகிறது. கி.மு. 20-ஐ ஒட்டிப் பிறந்த அலெக்சாந்திரியா யூதர், கலிகுலா பேரரசனிடம் தம் மக்களுக்காகத் தூது போனவர். இவர் வெறுமனே பெயர் ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில்லை, வசனத்துக்குள் இறங்குகிறார். ஓர் இடத்தைக் காட்டுகிறேன். ஆதியாகமம் 15-ல் ஆபிரகாம் ஒரு கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் நடுவில் பிளந்து, துண்டங்களை எதிரெதிராக வைக்கிறார். நமக்கு அது ஒரு பழைய உடன்படிக்கைச் சடங்கு. பிலோவுக்கு உலகம் பிளக்கப்படும் காட்சி: சூடு எதிரில் குளிர், ஒளி எதிரில் இருள், உயிர் எதிரில் சாவு, நடுவில் வெட்டிக்கொண்டே போகும் கடவுளின் வார்த்தை. பக்கம் பக்கமாக எதிர்மறைகளை அடுக்கிவிட்டு நிறுத்திச் சொல்கிறார்: எதிர்மறைகள் சேர்ந்ததுதான் முழுமை என்பதை ஹெராக்ளிட்டஸ் கண்டுபிடித்ததாகக் கிரேக்கர்கள் பெருமைப்படுகிறார்களே, அது நெடுங்காலத்துக்கு முன்பே மோசே கண்டது. ஏசா தன் தம்பிக்கு அடிமையாயிருப்பான் என்ற வசனத்திலிருந்து, அறிவிலி அறிவாளிக்குக் கீழ்ப்படிவதே அவனுக்கு நல்லது என்ற ஸ்தோயிக் கொள்கையை, அந்தத் தத்துவப் பள்ளியை நிறுவிய சீனோ எடுத்திருப்பார் என்றும் எழுதுகிறார். 'எடுத்தார்' என்று அடித்துச் சொல்லாமல், எடுத்தது போலத் தெரிகிறது என்று விடுவது பிலோவின் பாணி. உண்மையில் பிளேட்டோவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மோசேயைப் படித்தவர் அவர். கண்ணாடி மோசேயுடையது என்று அவர் மனதார நம்பினார் என்றே எனக்குப் படுகிறது.

இதே கருத்தை யூதரல்லாத ஒருவரும் சொல்லியிருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் சிரியாவின் அபாமேயா ஊர்த் தத்துவவாதி நூமேனியஸ் கேட்டாராம்: 'ஆத்திக் கிரேக்கம் (ஏதென்ஸ் வட்டாரக் கிரேக்கம்) பேசும் மோசே, அதைத் தவிர பிளேட்டோ யார்?'

அரிஸ்டாட்டில் பக்கம் வருவோம். அவர் கதை இன்னும் சுற்றுவழி, இந்தியாவையும் தொட்டுக்கொண்டு போகிறது. அவர் மாணவர்களில் ஒருவர் சோலி ஊர் கிளியார்க்கஸ். தூக்கம் பற்றி இவர் எழுதிய நூல் போய்விட்டது, ஒரு பகுதி மட்டும் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸின் நூலில் பிழைத்திருக்கிறது. அதில் அரிஸ்டாட்டிலே பேசுவதாக வருகிறது: ஆசியாவில் இருந்தபோது ஒரு யூதரைச் சந்தித்தேன், பேச்சில் மட்டுமல்ல, ஆன்மாவிலும் அவர் கிரேக்கர், எங்களைச் சோதித்துப் பார்க்க வந்தவர், எங்களிடம் பெற்றதைவிட எங்களுக்குக் கொடுத்ததுதான் அதிகம். நடுவில் ஒரு தகவல்: இந்த யூதர்கள் இந்தியத் தத்துவ ஞானிகளின் வழிவந்தவர்கள், இந்தியாவில் அந்த ஞானிகளுக்குக் கலானோய் என்று பெயர், சிரியாவில் யூதர் என்று பெயர்.

கலானோய் என்பது அலெக்சாந்தரோடு தட்சசீலத்திலிருந்து கிளம்பிப்போய்ப் பாரசீகத்தில் தீக்குளித்த கலானஸ் என்ற துறவியின் பெயரிலிருந்து வந்தது. ஒருவர் பெயரை ஒரு கூட்டத்துக்கே வைத்துவிட்டார் கிளியார்க்கஸ். சந்திரகுப்தர் அவைக்கு வந்த மெகஸ்தனிஸும், இயற்கையைப் பற்றிக் கிரேக்கர்கள் சொன்னதை எல்லாம் இந்தியாவில் பிராமணர்களும் சிரியாவில் யூதர்களும் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துக் கிரேக்கருக்கு யூதர் என்றால் கீழ்த்திசைத் தத்துவச் சாதி ஒன்று, அவ்வளவுதான்.

கிளியார்க்கஸின் இந்தத் துண்டு ஒரு காரியம் செய்தது. பதினைந்தாம் நூற்றாண்டு ஸ்பெயினில் ஆபிரகாம் பிபாகோ என்ற யூத அறிஞர், அரிஸ்டாட்டில் எருசலேமில் பிறந்த யூதர், பென்யமீன் கோத்திரம் என்று எழுதுகிறார். எங்கிருந்து கிடைத்தது? யூசிபியஸ் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர் அதே துண்டை மேற்கோள் காட்டியிருந்தார். 'இவர் பிறப்பால் யூதர்' என்று அரிஸ்டாட்டில் சந்தித்தவரைப் பற்றிச் சொன்னது, படித்தவர் கண்ணில் அரிஸ்டாட்டிலைப் பற்றியதாக மாறிவிட்டிருக்கும் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரு பிரதிப்பெயர் இடம் மாறியதில் ஸ்டாகிராவில் பிறந்த அரிஸ்டாட்டில் பென்யமீன் கோத்திரத்தில் சேர்ந்துவிட்டார்.

பழைய ரப்பிகளிடம் மட்டும் இந்த 'எங்களிடமிருந்து எடுத்தார்கள்' பேச்சைப் பெரும்பாலும் காண முடியாது. அவர்களுக்குக் கிரேக்கத் தத்துவத்தைச் சொந்தம் கொண்டாட வேண்டிய தேவை இல்லை. வாதத்தில் மடக்கினால் போதும். தல்மூதில் ரப்பி யோசுவா பென் அனனியா ஏதென்ஸ் பெரியவர்களோடு மோதும் ஒரு தொடர் இருக்கிறது. "உலகத்தின் நடு எது?" என்று கேட்கிறார்கள். விரலை நீட்டி "இதோ, இங்கேதான்" என்கிறார். "யார் சொன்னது?" "கயிறு கொண்டுவந்து அளந்து பாருங்கள்." தெனாலிராமன் கதை படித்தவர்களுக்கு இந்த வாடை பழக்கமாக இருக்கும்.

தீர்க்கதரிசியையும் தத்துவவாதியையும் அவர்கள் ஒரே வரியில் வைத்த இடம் ஒன்று உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. ஆதியாகம விளக்கத்தில் வருகிறது: பேயோரின் மகன் பிலேயாமையும் கதரா ஊர் அப்னோமோஸையும் போன்ற தத்துவ ஞானிகள் உலகத்தில் எழும்பியதில்லை. பிலேயாம் வேதத்தில் வரும் புற இனத்துத் தீர்க்கதரிசி, கழுதை பேசியது இவரிடம்தான். அப்னோமோஸ், இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கதரா ஊர் ஈனோமாவுஸ் என்று பொதுவாகக் கருதப்படுகிறார். குறி சொல்லும் கோயில்களை நையாண்டி செய்து எழுதிய சினிக் தத்துவவாதி, அவர் ஊர் இன்றைய ஜோர்தானில் உம் கைஸ். உலக மக்கள் அவரிடம் வந்து, "இஸ்ரவேலரை எங்களால் வெல்ல முடியுமா?" என்று கேட்கிறார்கள். அவர் சொன்ன பதில்: "போய் அவர்களுடைய ஜெப ஆலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் சுற்றிப் பாருங்கள். பிள்ளைகள் கீச்சுக்கீச்சென்று பாடம் சொல்லும் சத்தம் கேட்டால் உங்களால் முடியாது." ஆதாரமாக ரப்பிகள் வைக்கும் வசனம்: 'சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்.' யாக்கோபின் சத்தம் பாடசாலையில் ஒலிக்கும்வரை ஏசாவின் கைகளுக்கு வேலை இல்லை என்று பொருள்.

இந்த அப்னோமோஸ் ரப்பி மேயீரின் நண்பராகவும் வருகிறார். "தொட்டியில் இறக்கிய கம்பளி எல்லாம் சாயம் பிடித்து மேலே வருமா?" என்று மேயீரிடம் கேட்கிறார். "தாய் ஆட்டின் மேல் இருந்தபோதே சுத்தமாக இருந்தது பிடிக்கும். இல்லாதது பிடிக்காது" என்கிறார் மேயீர். தப்பான குருவிடம் படித்தாலும் அடியில் சுத்தமானவன் கெடமாட்டான் என்பது குறிப்பு. கேட்டவர் பெயரோடு வரும் 'கர்தி' என்ற அடைமொழியைக் கதரா ஊர்க்காரர் என்றும் படிக்கலாம், நெசவாளி என்றும் படிக்கலாம். கம்பளிச் சாயத்தைப் பற்றிய கேள்வி அவர் வாயில் வந்ததற்கு இந்தச் சிலேடையும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் இடைக்காலம். பழைய கதைகள் மறுபடி உயிர் பெறுவது இங்கேதான், காரணமும் முற்றிலும் வேறு. அலெக்சாந்திரியாவில் கதை வெளியாருக்குச் சொல்லப்பட்டது. இப்போது வீட்டுக்குள்ளேயே சண்டை. அரபு மொழியில் அரிஸ்டாட்டில் வந்து இறங்கிவிட்டார், யூத இளைஞர்கள் படிக்கிறார்கள், பெரியவர்கள் கையைப் பிசைகிறார்கள். 'மகனுக்குக் கிரேக்க ஞானம் கற்றுக்கொடுப்பவன் சபிக்கப்பட்டவன்' என்று தல்மூதில் ஒரு வாக்கியம் வேறு இருக்கிறது. இந்த நிலையில், அது கிரேக்க ஞானமே இல்லை, நம் தாத்தா சொத்து, இடையில் கைமாறிப்போனது என்று சொல்ல முடிந்தால்? அரிஸ்டாட்டிலைப் படிப்பது வழிதவறல் ஆகாது, தொலைந்த பொருளை மீட்பது ஆகிவிடும். கதை ஓர் அனுமதிச் சீட்டாக மாறியது.

அக்கம்பக்கத்து முஸ்லிம் அறிஞர்களிடமும் இதே வழக்கம் இருந்தது. எம்பெடோக்ளிஸ் தாவீது காலத்தில், குர்ஆனில் வரும் ஞானி லுக்மானிடம் படித்தார், பித்தாகரஸ் சாலொமோனின் தோழர்களிடம் எகிப்தில் படித்தார் என்று பத்தாம் நூற்றாண்டில் அல்-ஆமிரியும், பிறகு தொலெதோவில் சாயித் அல்-அந்தலூசியும் எழுதியிருக்கிறார்கள்.

சுமார் 1140-ல் ஸ்பெயின் யூதக் கவிஞர் யூதா ஹலேவி தம் 'கூசாரி'யில் வழித்தடமே போட்டுக் காட்டுகிறார்: எல்லாச் சாஸ்திரங்களின் வேரும் எங்களிடமிருந்து கல்தேயருக்கு, அங்கிருந்து பாரசீகத்துக்கும் மேதியாவுக்கும், பிறகு கிரேக்கத்துக்கு, கடைசியில் ரோமுக்கு, கைமாறிக் கைமாறி, முதல் சொந்தக்காரர் யார் என்பதே மறந்துபோனது. தத்துவத்தை அவ்வளவாக நம்பாதவர் ஹலேவி, அவருக்கு இது கிரேக்கரை ஒரு படி கீழே இறக்கும் வாதம். அதே நூற்றாண்டின் பெரும் யூத அறிஞர் மைமோனிதிஸோ தத்துவத்தின் பக்கம் நின்றவர். அவரும் நம் இனத்திடம் பல சாஸ்திரங்கள் இருந்தன, காலத்தின் நீளத்தாலும் அடிமைப்பட்டதாலும் அழிந்தன என்கிறார். ஆனால் அரிஸ்டாட்டில் திருடினார் என்று ஒரு வார்த்தை இல்லை. மொழிபெயர்ப்பாளர் சாமுவேல் இபின் திபோனுக்கு எழுதிய கடிதத்தில், தீர்க்கதரிசிகளைத் தவிர மனித அறிவு எட்டக்கூடிய உச்சத்தை எட்டியவர் அரிஸ்டாட்டில் என்று புகழ்கிறார். யாருடைய சொத்து என்று பார்க்காமல் பொருளைப் பார்த்த மனிதர்.

மற்றவர்கள் அந்த அளவுக்கு நிதானமாக இல்லை. அலெக்சாந்தர் எருசலேமைப் பிடித்தபோது சாலொமோனின் நூல் களஞ்சியத்தைத் தம் குரு அரிஸ்டாட்டிலிடம் ஒப்படைத்தார், அவர் நல்லதை எல்லாம் எடுத்துத் தம் பெயரைப் போட்டுக்கொண்டார் என்ற கதை பரவியது. ஏன் சாலொமோன்? இராஜாக்கள் ஆகமத்தில் ஒரு வசனம் இருக்கிறது: லீபனோனின் கேதுரு முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புப் பூண்டு வரை, மிருகங்கள், பறவைகள், ஊரும் பிராணிகள், மச்சங்கள் எல்லாவற்றைப் பற்றியும் அவர் பேசினார். பேசியது எதுவும் கையில் இல்லை. மறுபக்கம் பார்த்தால் அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார். காணாமல்போன நூலும் ஆசிரியர் மேல் சந்தேகம் விழுந்த நூலும் ஒன்றையொன்று கண்டுகொண்டன.

அரிஸ்டாட்டில் முதுமையில் சிமியோன் என்ற நீதிமானோடு உரையாடி மனம் மாறினார், தம் நூல்களுக்காக வருந்தி அலெக்சாந்தருக்குக் கடிதம் எழுதினார் என்ற கதையும் உண்டு. 1587-ல் வெனிசில் அச்சான கெதலியா இபின் யகியாவின் தொகுப்பில் இந்த மாதிரிச் சரக்கு நிறையக் கிடைக்கும். பொய் மூட்டை என்று யூத அறிஞர்களே அந்தப் புத்தகத்தைக் கிண்டல் செய்ததுண்டு.

இனி போலந்துக்குப் போக வேண்டும். எரேமியா கதை இன்று பெரும்பாலும் யார் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறதோ, அந்த ரப்பி மோசே இசர்லிஸ் பதினாறாம் நூற்றாண்டுக் கிராக்கோவ்காரர். ஐரோப்பிய யூதர்களின் அன்றாடச் சட்டம் இன்றும் அவர் போட்ட குறிப்புகளின்படிதான் நடக்கிறது. அவர் 'தோரத் ஹாஓலா' என்று ஒரு நூல் எழுதினார், 1570-ஐ ஒட்டி பிராகில் அச்சானது. ஆலயத்தின் அளவுகள், வாசல்கள், பலிகள் ஒவ்வொன்றிலும் தத்துவப் பொருள் தேடும் நூல் அது. எந்த மரமும் கல்லும் எரேமியாவுக்கு ஞானம் கொடுத்தன என்று கதை சொல்கிறதோ, அந்த மரத்தையும் கல்லையும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுகிற முயற்சி. அதில்தான் சாக்ரடீஸ் தன் ஞானத்தை ஆசாப்பிடமும் அகித்தோப்பேலிடமும் பெற்றதாகப் பழைய நூலில் கண்டேன் என்கிறார். ஆசாப் சங்கீதக்காரர், சரி. அகித்தோப்பேல் தாவீதுக்குத் துரோகம் செய்து கடைசியில் நான்றுகொண்டு செத்த ஆலோசகர். சாக்ரடீஸுக்கு இவரா குரு என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தாவீதே அகித்தோப்பேலிடம் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டு அவரை 'என் ஆசானே' என்று அழைத்ததாக ரப்பிகள் மரபு உண்டு, அந்தக் கணக்கில் அவர் தகுதி குறைந்தவர் இல்லை.

இவ்வளவு முன்ஜாமீன் வாங்கி வைத்திருந்தும் இசர்லிஸ் தப்பவில்லை. அவருடைய உறவினரும் பெரும் சட்ட அறிஞருமான ரப்பி சாலொமோன் லூரியா ஒரு காட்டமான கடிதம் எழுதினார். சட்டக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது நடுவில் அரிஸ்டாட்டிலை எதற்கு இழுக்கிறீர்கள் என்று பிடித்துக்கொண்டார். பாடசாலைப் பையன்களின் ஜெபப் புத்தகங்களில் 'அரிஸ்டாட்டிலின் ஜெபம்' என்று எழுதிவைத்திருப்பதை நானே பார்த்தேன், இதற்கெல்லாம் உங்களைப் போன்றவர்கள்தான் காரணம் என்று பொரிந்து தள்ளினார்.

இசர்லிஸின் பதிலும் பிழைத்திருக்கிறது. வானமும் பூமியும் சாட்சி, அரிஸ்டாட்டிலின் நூல் எதையும் நேராக நான் படித்ததில்லை, மைமோனிதிஸ் போன்ற நம்மவர்கள் வழியாகத்தான் எனக்குத் தெரியும் என்கிறார். அதையும் ஓய்வுநாளிலும் பண்டிகை நாட்களிலும் மட்டும்தான் படித்தேனாம், மற்றவர்கள் எல்லாம் காலாற நடந்துவரக் கிளம்பிப்போகும் நேரத்தில்.